எல்லா மணிக்கும் இருபது

இது கட்டிவிட்ட கதை இல்லை. என் சொந்த அக்காவுக்கு, மூன்று வருடத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடந்தது. பேய் என்றால் நடுராத்திரி வேண்டும், நாய் ஊளையிட வேண்டும், கரண்ட் போக வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. கரண்ட் ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. நான் வயரிங் வேலை செய்பவன். கரண்ட்டைத் தவிர வேறு எதற்கும் பயந்தது கிடையாது. அப்படிப்பட்ட நானே இதைச் சொல்ல உட்காரும்போது சுவரோரமாகத்தான் உட்காருகிறேன். முதுகுக்குப் பின்னால் காலி இடம் இருந்தால் எனக்குப் பேச்சு வராது.

அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடம் நர்ஸாக இருந்தவள். இடுப்பு வலி வந்த பிறகு வார்டு வேலையை விட்டுவிட்டு, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆடிட் பிரிவில் சேர்ந்தாள். நோயாளி வீட்டுக்குப் போன பிறகோ, போய்ச் சேர்ந்த பிறகோ அவருடைய ஃபைல் இவள் மேஜைக்கு வரும். பில்லில் போட்டிருக்கும் வைத்தியமெல்லாம் உண்மையிலேயே நடந்ததா என்று ஃபைலைப் புரட்டி ஒத்துப் பார்க்க வேண்டும். டாக்டரும் நர்ஸும் ஃபைலில் பேனாவால்தான் எழுத வேண்டும். ஆடிட்காரர்கள் பேனாவையே கிட்டத்தில் கொண்டுபோகக் கூடாது. பென்சில்தான். சந்தேகம் வந்த இடத்தில் ஒரு சின்னக் குறி போடலாம். ஃபைல் வெளியே போவதற்கு முன் அதையும் அழித்துவிட வேண்டும். ஆக, அத்தனை பெரிய ஆஸ்பத்திரியில் பென்சிலும் கையுமாக இருப்பவர்கள் ஆடிட் பிரிவில் இருந்த நாலு பேர் மட்டும்தான். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நர்ஸ் வேலை போனாலும் ஒரு பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அவர்களுடைய மூச்சை எண்ணுவாள். பஸ்ஸில் எண்ணுவாள், டிவி பார்க்கும்போது எண்ணுவாள். ஒரு கண் எதிராளியின் நெஞ்சில் இருக்கும், ஒரு கண் கடிகாரத்தில் இருக்கும். மனுஷனை நிம்மதியாக மூச்சுவிட விடமாட்டாளே என்று அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, அலுத்துக்கொள்வார். அவருக்கு நிமிடத்துக்குப் பதினாறு. எனக்குப் பதினெட்டு. அந்த இரண்டு அதிகத்துக்கும் என் சிகரெட்தான் காரணம் என்று அடிக்கடி குத்திக்காட்டுவாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் மாமா அவள் கண்ணாடியின் மேல் உட்கார்ந்துவிட்டார். காதில் மாட்டும் கம்பி ஒடிந்துபோயிற்று. கண்ணாடி இல்லாமல் அவளுக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. மாமா என் பையைத் துழாவி வயருக்குச் சுற்றும் டேப்பை எடுத்தார். கடையில் கறுப்பு தீர்ந்துபோனதால் முந்தின நாள் சாயங்காலம்தான் வேண்டாவெறுப்பாகப் பச்சை வாங்கி வந்திருந்தேன். கிளிப்பச்சை. அதை அளவு தெரியாமல் உருண்டையாகச் சுற்றிக் கொடுத்தார். காதில் கிளி உட்கார்ந்திருக்கிறது என்று நான் கிண்டல் செய்தேன். அவள் சிரிக்காமல் அதை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மறுநாளே புதுக் கண்ணாடி வாங்கியாயிற்று. அந்தப் பச்சை டேப்போடு அவள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது வாழ்க்கையிலேயே அந்த ஒரு நாள்தான்.

சனிக்கிழமை அரை நாள்தான் வேலை. ஆனால் ஒரு ஃபைல் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை அது வெளியே போக வேண்டும். பிரிவுத் தலைவர் கறாராகச் சொல்லியிருந்தார். அவருக்கு ஆபீஸில் 'ரப்பர் சார்' என்று பெயர். சட்டைப்பையில் எப்போதும் ஒரு ரப்பர் இருக்கும். யார் பென்சில் குறி போட்டாலும் முதலில் அவர் கைதான் நீளும். அக்காவுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கடிதமும் அந்த மாதம் அவர் மேஜையில்தான் கிடந்தது.

ஃபைல் ஒரு அச்சகத் தொழிலாளியுடையது. நாற்பத்தெட்டு வயது. வயிற்றில் சாதாரண ஆபரேஷன். இரண்டாம் நாள் ராத்திரி இறந்துபோனார். அது நடந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ராத்திரி பூராவும் மணிக்கு ஒரு தடவை பார்த்தோம், நன்றாகத்தான் இருந்தார், விடிகாலையில் எந்த அறிகுறியும் இல்லாமல் போய்விட்டார் என்று ஆஸ்பத்திரி சொன்னது. அப்படிப் பார்த்ததற்குத் தனியாகக் கட்டணமும் போட்டிருந்தது. இல்லை, மூச்சுமுட்டித் தவித்தார், யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று அவர் மனைவி புகார் கொடுத்திருந்தார். அக்கா கையெழுத்துப் போட்டால் அந்தக் கட்டணம் சரி. கட்டணம் சரி என்றால் அந்தம்மா சொன்னது பொய். விஷயம் அத்தோடு முடிந்துவிடும்.

ரெக்கார்டு ரூம் கீழ்த்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ஆள் உயரத்துக்கு மேலே இரும்பு ரேக்குகள். நடுவில் ஒரு மேஜை, எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் சாவியைக் கொடுத்துவிட்டு ஒரு மணிக்கே கிளம்பிவிட்டார். சலவை மெஷின்களும் அன்றைக்கு ஓடவில்லை. சுவர்க் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு பத்துக்கு அந்த ராத்திரியின் சார்ட்டைப் பிரித்தாள். பத்து மணியிலிருந்து காலை ஐந்து வரை எட்டுக் கட்டம். மூச்சு என்ற வரிசையில் எட்டிலும் இருபது. ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதிய மாதிரி.

அந்த இருபதை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். நாடியையும் பிரஷரையும் மெஷின் காட்டிவிடும். மூச்சைப் பக்கத்தில் நின்று ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நாற்பது நோயாளிக்கு இரண்டு நர்ஸ் இருக்கும் ராத்திரியில் யாருக்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்கும்? இருபது போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவார்கள். இருபது என்றால் எண்ணவில்லை என்று அர்த்தம். ஆனால் சார்ட்டை மட்டும் வைத்து அதை நிரூபிக்க முடியாது. இருபது நல்ல எண். யாரும் குறை சொல்ல முடியாத எண். அக்காவுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. சரி, நம்மால் என்ன செய்ய முடியும் என்று பென்சிலை எடுத்தாள். பத்து மணிக் கட்டத்தில் விரலை வைத்தாள்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

மூச்சுச் சத்தம். உள்ளே... வெளியே... உள்ளே... வெளியே...

ரேக்குக்குப் பின்னால் அந்த அண்ணன் போகாமல் படுத்துத் தூங்குகிறார் போல என்று நினைத்தாள். அவளையும் அறியாமல் கண் கடிகாரத்துக்குப் போயிற்று. ஒரு நிமிடம் எண்ணினாள். இருபத்திரண்டு. கை தானாக, அந்த இருபதுக்குப் பக்கத்தில், பென்சிலால் 22 என்று எழுதியது. பன்னிரண்டு வருடப் பழக்கம். எண்ணினால் எழுத வேண்டும்.

எழுதிய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. செத்துப்போனவர் சார்ட்டில் எவனோ தூங்குகிறவன் மூச்சை எழுதி வைத்திருக்கிறாள். தலையில் அடித்துக்கொண்டு, அடுத்த கட்டத்துக்கு விரலை நகர்த்தினாள். பதினொரு மணி.

மூச்சு கொஞ்சம் வேகமாயிற்று.

இருபத்து நான்கு.

எழுந்து போய் ரேக்குகளுக்குப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. ஒவ்வொரு சந்தாகப் பார்த்தாள். தூசியில் அவளுடைய கால் தடம் மட்டும்தான் இருந்தது. மூலையில் இருந்த கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. சுவரில் காதை வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். சத்தம் ரேக்குப் பக்கமிருந்து வரவில்லை.

எதிர் நாற்காலியிலிருந்து வந்தது.

பன்னிரண்டு மணிக் கட்டம். விரலை வைத்தாள். இருபத்தெட்டு. ஒரு மணி. முப்பத்து நான்கு. இப்போது மூச்சோடு ஒரு விசில் சத்தமும் சேர்ந்துகொண்டது. அடைத்த மூக்கால் வருகிற மாதிரி இல்லை. நெஞ்சின் அடியிலிருந்து பிடுங்கி எடுக்கிற மாதிரி. வார்டில் அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

அவள் கண்ணாடியின் வலது பக்கம் மங்கியது.

கழற்றிப் பார்த்தாள். ஆவி. ஒரு பக்கம் மட்டும். புழுங்கித் தள்ளும் அறையில், யாரோ முகத்துக்கு நேராகக் குனிந்து மூச்சுவிட்ட மாதிரி... துடைத்து மாட்டினாள். மறுபடியும் மங்கியது.

இரண்டு மணி. முப்பத்தெட்டு.

எழுதினாள்.

வாய் தன்னால் பேசியது.

"மெதுவா... மெதுவா விடுங்க. நான் இங்கதான் இருக்கேன்."

யாருக்குச் சொன்னாள்? அவளுக்கே தெரியாது. ஆனால் சொன்னதும் அந்த மூச்சு ஒரு கணம் தயங்கியது.

கேட்டுவிட்டது...

அவ்வளவுதான். அக்கா எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. கதவுக்கு ஓடினாள். திறந்தாள். வெளியே நடைபாதையில் டியூப் லைட் வெளிச்சம். மாடிப்படிக்கு மேலே யாரோ சிரித்துப் பேசிக்கொண்டு போகிற சத்தம். பத்து எட்டு வைத்தால் மனுஷர்களோடு சேர்ந்துவிடலாம்.

பின்னால் மூச்சு சிதறியது.

குழந்தை கையை விட்டுவிட்டால் தேம்புமே, அப்படி... விட்டு விட்டு... அடித்துக்கொண்டு...

அக்கா சொல்வாள், அந்தக் கதவில் நின்ற மாதிரி வாழ்க்கையில் எங்கேயும் நின்றதில்லை என்று. ஒரு கால் வெளியே. ஒரு கால் உள்ளே. ஓடு ஓடு என்று உடம்பு முழுக்கச் சொல்கிறது. கை மட்டும் கைப்பிடியை விட மாட்டேன் என்கிறது.

அழுதுகொண்டே திரும்பிப் போனாள்.

நாற்காலியை நிமிர்த்தினாள். உட்கார்ந்தாள். மூன்று மணிக் கட்டம்.

நாற்பத்திரண்டு.

விரலை மேலே, பத்து மணிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒருவேளை மூச்சு பழையபடி இறங்குமோ என்று.

இறங்கவில்லை.

போனது போனதுதான்.

நான்கு மணி.

பத்து.

அத்தனை வேகமாக அடித்துக்கொண்டிருந்த மூச்சு, பத்து. அது நிம்மதி இல்லை. களைப்பு. நர்ஸுகளுக்கு அது தெரியும்.

உள்ளே...

...

வெளியே...

"இங்கதான் இருக்கேன்."

உள்ளே...

...

...

கடிகாரம் மட்டும் ஓடியது.

ஐந்து மணிக் கட்டத்தில் விரலை வைத்தாள். ஒரு நிமிடம் முழுதாகக் காத்திருந்தாள். அப்புறம் இன்னொரு நிமிடம். அந்த இருபதுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டாள். கண்ணாடியில் ஆவி இல்லை. எதிர் நாற்காலி வெறும் நாற்காலியாக இருந்தது. மணி மூன்றே கால். பட்டப்பகல்.

அன்றைக்கு ராத்திரி மாமா தூங்கும்போது தலைமாட்டில் உட்கார்ந்து அவர் மூச்சை விடிய விடிய எண்ணினாளாம். மாமாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அவருக்கும் தூக்கம் போயிருக்கும்.

திங்கட்கிழமை ரப்பர் சார் ஃபைலைப் புரட்டினார். பென்சில் எண்களைப் பார்த்தார். எங்கிருந்து எடுத்தது என்று கேட்டார். ஆதாரம் இல்லாமல் நோயாளி சார்ட்டில் எண் எழுதுவது வேலையே போகிற தப்பு என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் கோபப்படவில்லை. ரப்பரை எடுத்து மேஜையில் வைத்தார். ஒப்பந்தக் கடிதத்தையும் பக்கத்தில் வைத்தார். அழித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

அக்கா ரப்பரை எடுத்தாள். 22-க்கு மேலே வைத்தாள். அந்த மூச்சு காதில் கேட்டது.

"அழிக்கிறேன் சார். அந்தக் கட்டில் மெஷினைக் கேட்டுட்டு அழிக்கிறேன்."

அந்த வார்டில் கட்டிலுக்குத் தலைமாட்டில் ஒரு மெஷின் இருக்கும். திரையில் காட்டாவிட்டாலும், நெஞ்சில் ஒட்டிய வயர் வழியாக அது மூச்சையும் எண்ணிக்கொண்டே இருக்கும். சில மாதக் கணக்கு அதன் ஞாபகத்தில் கிடக்கும். யாராவது எழுதிக் கேட்டால்தான் என்ஜினீயர் எடுத்துக் கொடுப்பார். யாரும் கேட்பதில்லை. எட்டு மணி நேரமும் ஒரே எண் இருப்பது நம்பும்படி இல்லை என்று அக்கா முறைப்படி எழுதிக் கொடுத்தாள். அப்படி எழுதிவிட்டால் ரப்பர் சாரால் அதைத் தடுக்க முடியாது. கடிதம் அவர் டிராயருக்குள் போயிற்று.

பத்து நாள் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்த எண்கள் தப்பாக இருந்தால் வேலை போகும். சரியாக இருந்தால்... அதை நினைக்க அதைவிடப் பயமாக இருந்தது.

என்ஜினீயர் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார்.

பத்து மணி, 22. பதினொன்று, 24. பன்னிரண்டு, 28. ஒன்று, 34. இரண்டு, 38. மூன்று, 42.

அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மூன்று மணிக்குச் சற்றுப் பின்னால், வேறு வார்டில் அவசரம் என்று மெஷினைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் எப்படி மூச்சுவிட்டார் என்பதற்கு இந்த உலகத்தில் அக்காவின் பென்சில் எழுத்தைத் தவிர எந்தச் சாட்சியும் கிடையாது.

ரப்பர் சார் தாளையும் சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ரப்பரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த எண்களைப் பற்றி அவர் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடிதம் மறுநாள் வந்துவிட்டது.

கட்டணம் ரத்தாயிற்று. அந்தம்மா சொன்னது உண்மை என்று ஆஸ்பத்திரி எழுத்தில் ஒப்புக்கொண்டது. இத்தோடு நின்றிருந்தால் நானும் என்னமோ ஒரு பிரமை, தற்செயல் என்று எதையாவது சொல்லி என் மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

ஒரு மாதம் கழித்து, ஆஸ்பத்திரி ஒப்புக்கொண்ட அந்தக் கடிதத்தை வாங்க அந்தம்மா ஆடிட் பிரிவுக்கு வந்தார். மெலிந்த உடம்பு, சாயம்போன கைப்பை. அக்காதான் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினாள். எல்லாம் முடிந்த பிறகும் அந்தம்மா எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி வார்டில் துணைக்கு இருக்க விடவில்லையாம். வார்டு நம்பருக்கு அடித்து அடித்துப் பார்த்தாராம், யாரும் எடுக்கவில்லையாம். கணவர்தான் தன் போனிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார்.

"எனக்கு ஒருத்தங்களப் பாக்கணும் மேடம். வார்டுல கேட்டா அப்படி யாருமே இல்லங்கறாங்க. மூச்சு இல்லாம ஏதோ உளறியிருப்பாருன்னு என் பிள்ளைங்களே சொல்லுதுங்க."

அக்கா யாரை என்று கேட்டாள்.

"ஒரு மணிக்குக் கூப்பிட்டப்ப சொன்னாரு. பக்கத்துல ஒரு அம்மா உக்காந்து எண்ணிட்டிருக்காங்களாம். நர்ஸ் டிரஸ் இல்லயாம். கையில பென்சிலாம்."

அக்காவின் கையில் அப்போதும் பென்சில் இருந்தது. மெதுவாக மேஜைக்கு அடியில் இறக்கிக்கொண்டாள்.

"கண்ணாடில பச்சையா என்னமோ உருண்டையா சுத்தியிருந்துச்சாம்."

அக்காவின் முகத்தில் புதுக் கண்ணாடி இருந்தது.

"அப்பாடா, யாரோ கூட இருக்காங்கன்னு நினைச்சேன். மூணு மணிக்கு மறுபடி கூப்பிட்டாரு. பேசவே முடியல. 'எழுந்து போறாங்க... போறாங்க'ன்னாரு. கூப்பிடுங்க, கூப்பிடுங்கன்னு நான் கத்தறேன். வெறும் மூச்சுதான் கேக்குது. அப்புறம்..."

அந்தம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் 'வந்துட்டாங்க'ன்னாரு. அதுதான் அவர் பேசினதுல கடைசி."

அந்தம்மாவின் மூச்சு இருபத்தாறு. அக்கா எண்ணிக்கொண்டுதான் இருந்தாள்.

"கடைசி வரைக்கும் இருந்தாங்க" என்றாள் அக்கா.

"உங்களுக்கு அவங்களத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் மேடம் நடுவுல எழுந்து போனாங்க?"

"பயந்துட்டாங்க."

"ஏன் திரும்பி வந்தாங்க?"

அக்கா வாயில் வந்ததைச் சொன்னாள்.

"எண்ணி முடிக்கல. அதான்."

அந்தம்மா அவளையே பார்த்தார். மேஜைக்கு அடியில் இருந்த அவள் கையைத் தேடிப் பிடித்தார். பென்சிலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

இதை அக்கா என்னிடம் சொன்ன அன்றைக்கு, நான் நேராகப் போய் என் பையைக் கொட்டினேன். அந்தப் பச்சை டேப் சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உள்பக்கத்து அட்டையில், தயாரித்த மாதம் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். அதைப் படித்துவிட்டு அக்காவிடம் அந்த மனிதர் இறந்த தேதியை மறுபடியும் கேட்டேன்.

அவர் இறந்த ராத்திரியில் அந்த டேப் இன்னும் தயாராகவே இல்லை. அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் தயாராகியிருக்கிறது.

அது இன்னும் என் பையில்தான் கிடக்கிறது. வேறு டேப் தீர்ந்துபோனாலும் அதை நான் தொடுவதில்லை.